கேட்காமல் வைத்த நேர்த்தி

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
2 மார்ச் 1986

அன்புத் தம்பி ஞானேஸ்வரனுக்கு,

இங்கே நான், அத்தான், மீனாக்ஷி மூவரும் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்டு இரண்டு வருடமாகிறது. போன் பண்ணினால் உன் மெஷின்தான் கதைக்கிறது. ஒரு மெஷினோடு இனி என்னால் கதைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் முதலாம் தேதி நான் ஸ்பெயினில் நடக்கத் தொடங்குகிறேன். ரொன்செஸ்வாயெஸ் என்ற மலைக்கிராமத்தில் தொடங்கி சந்தியாகோ என்ற ஊர்வரை, கிட்டத்தட்ட எண்ணூறு கிலோமீட்டர். ஆயிரம் வருடமாக ஜனங்கள் நடக்கிற பாதை. முடிகிற இடத்தில் யேசுவின் சீடர் யாகப்பரின் கோயில். ஆம், நம் யாழ்ப்பாணத்துக் குருநகர் யாகப்பர்தான். எங்கள் ஆஸ்பத்திரி லாபில் என்னோடு வேலை செய்கிற மெர்சிடிஸ் அந்த ஊர்ப் பக்கத்துக்காரி, அவள்தான் சொன்னாள். எட்டு வாரம் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் நடக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பு எரிந்தபோது நீ இருக்கிறாயா இல்லையா என்று தெரியாமல் ஐந்து நாள் போனுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். ஐந்தாம் நாள் கதிர்காமத்து முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். என் தம்பி உயிரோடு இருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து உன் சந்நிதிவரை காலால் நடந்து வருவான் என்று. மறுநாள் உன் போன் வந்தது. நீ அமெரிக்கா வந்து சேர்ந்தபின் இதைச் சொன்னேன். அன்றைக்கு ரிசீவரை வைத்தவன்தான் நீ.

சரி, நீ நடக்கப்போவதில்லை. நடக்க நினைத்தாலும் கதிர்காமத்துப் பாதையில் இப்போது யார் போக முடியும், வழி நெடுக ஆமி. முருகனை எத்தனை வருடம் காத்திருக்க வைப்பது? அதனால் உனக்குப் பதில் நான் நடக்கிறேன், நடக்கக்கூடிய ஒரு பாதையில். அவரிடம் சொல்லிவிட்டேன். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 25 யாகப்பர் திருநாள். ஊரே வாணவேடிக்கையும் மேளதாளமுமாக இருக்குமாம். அன்றைக்குப் போய்ச் சேருகிற மாதிரித் திட்டம் போட்டிருக்கிறேன். நல்ல நாள்தானே.

உன் அக்கா,
பத்மராணி


ஹூஸ்டன், டெக்சஸ்
12 மார்ச் 1986

அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அன்று போனில் கேட்ட அதே கேள்வியைத்தான் இப்போதும் கேட்கிறேன். என் கால்களை யாரைக் கேட்டு நேர்ந்தீர்கள்? எனக்கு அப்போது முப்பது வயது. மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துவிட்டுப் பிடித்து உட்கார்த்தி வைக்கிற குழந்தையா நான்?

முருகனுக்கு வைத்த நேர்த்தியை யாகப்பர் கோயிலில் கொண்டுபோய் முடிப்பது எந்த ஊர் முறை? பெண் பார்த்தது ஒரு வீட்டில், பந்தல் போடுவது இன்னொரு வீட்டிலா? அத்தான் இதை ஒத்துக்கொண்டார் என்பதை நம்ப முடியவில்லை.

நடை என்று வேறு எழுதுகிறீர்கள். உங்களுக்கு நாற்பத்தேழு வயது. தெருமுனையில் இருக்கிற தபால் பெட்டிக்கே காரில் போகிறவர் நீங்கள். நான் வந்திருந்தபோது என் கண்ணால் பார்த்தேன்.

போகாதீர்கள். போய்த்தான் ஆவேன் என்றால் ஜூலை 25 அன்று அந்தக் கோயிலுக்குள் போகாதீர்கள். காரணம் எழுத விருப்பமில்லை.

ஞானம்


மான்மவுத் ஜங்ஷன்
23 மார்ச் 1986

அன்புத் தம்பி,

இரண்டு வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்து! திட்டித்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் மூன்று தரம் படித்தேன். அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உவன் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு, பத்மா. ஆனா நீ கேக்கப்போறேல்லை. வா, சப்பாத்து வாங்கப் போவம்" என்றார். வாங்கியாயிற்று. கட்டை போல இருக்கிறது, ஆனால் கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறது.

தபால் பெட்டியைப் பற்றி எழுதினாயே, இப்போது வந்து பார். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஆறு மைல் நடக்கிறேன். முதுகுப்பையில் இருபது இறாத்தல் பாஸ்மதி. இந்த ஊரில் நடைபாதை கிடையாது என்பது பதினைந்து வருடமாக இங்கே இருக்கிற எனக்கு இப்போதுதான் தெரிகிறது. முதல் நாள் நம் பக்கத்துத் தெரு அனந்தலக்ஷ்மி காரை நிறுத்தி, "என்ன பத்மா, கார் ஸ்டார்ட் ஆகலையா? ஏறிக்கோ, நான் ட்ராப் பண்றேன்" என்றாள். இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். "சும்மாவா? பையெல்லாம் எடுத்துண்டு? ஆத்துல ஏதாவது சண்டையா?" என்று கேட்டுவிட்டு, நான் வீடு வந்து சேர்வதற்குள் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். அன்று மாலை அத்தானுக்கு வந்த போன்களை நீ கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டு ஜம்புநாதன் அங்கிள் நேரிலேயே வந்து, சமாதானம் பேச உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பி வைத்தோம்.

மீனாக்ஷி, "அம்மா, ப்ளீஸ், என் ஸ்கூல் பக்கம் மட்டும் வராதே" என்று இங்கிலீஷில் கெஞ்சுகிறாள். அந்தப் பக்கம்தான் மேடு இருக்கிறது. நான் என்ன செய்ய?

முருகனா யாகப்பரா என்பதை அவர்கள் இரண்டு பேரும் கதைத்துத் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு விளங்காதது ஒன்றுதான். அந்தத் தேதியில் போகாதே என்கிறாய். போகவே வேண்டாம் என்றால் அது உன் பிடிவாதம், எனக்குப் பழக்கம். தேதியில் என்ன இருக்கிறது? எழுத விருப்பமில்லை என்று என்னிடமே எழுதுகிறாயே.

அக்கா


ஹூஸ்டன்
5 ஏப்ரல் 1986

அக்கா,

இதை ஒரு முறைதான் எழுதுவேன்.

என்னோடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே அறையில் இருந்த அரியரட்ணம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் கலியாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, அத்தானுக்கு மீசை பொருந்தவில்லை என்று சொன்னவன். குருநகரில் பிறந்தவன், ஞானஸ்நானம் பெற்றதும் அந்த யாகப்பர் கோயிலில்தான். கலவரத்தில் செத்தான் என்று மட்டும் உங்களுக்குச் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை.

எண்பத்து மூன்று ஜூலை 25 திங்கட்கிழமை. முதல் நாள் இரவே பொரளைப் பக்கம் கடைகள் எரிந்தது எங்களுக்குத் தெரியாது. எனக்குக் காய்ச்சல், படுத்திருந்தேன். அரியம் விடிய எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டான். எங்கே என்று கேட்டேன். "இண்டைக்கு யாகப்பற்ற திருநாள் மச்சான். பூசை கண்டிட்டு ஒம்பது மணிக்கு வந்திடுவன். காய்ச்சலுக்குக் குளிசையும் வாங்கிக்கொண்டு வாறன், நீ படு" என்றான். காலி வீதி என்ற அந்தப் பெரிய தெருவைக்கூட அவன் கடக்கவில்லை, அதற்குள் கும்பல் பிடித்துக்கொண்டது. கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் பத்து நிமிட நடை.

என்னை வீட்டுக்காரச் சிங்கள அம்மா சாமான் அறைக்குள் போட்டுப் பூட்டினார். வாசலில் வந்து நின்றவர்களிடம், இங்கே தமிழர் யாரும் இல்லை என்று நாலு நாள் பொய் சொன்னார். நான் பிழைத்தது அவரால். ஐந்தாம் நாள் நீங்கள் நியூ ஜெர்சியில் வைத்த நேர்த்தியால் இல்லை.

நேர்த்தியால் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு என்ன தோன்றும் தெரியுமா? அரியத்துக்கு நேர்த்தி வைக்க ஆள் இல்லாமல் போனதா? அவன் அம்மா தினமும் செபமாலை சொல்கிற மனுஷி. அவனோ அந்த யாகப்பரைப் பார்க்கத்தான் வெளியே போனான். படுத்துக் கிடந்தவன் நான், எந்தக் கோயிலுக்கும் போகாதவன், இங்கே ஹூஸ்டனில் ஏர் கண்டிஷனில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வருடமாக எனக்கு ஒரே கேள்விதான். உன்னைப் பார்க்கப் புறப்பட்டவனைப் பாதி வழியில் ஏன் விட்டாய்?

அவரிடம்தான் நீங்கள், அதே நாளில், என் உயிருக்கு நன்றி சொல்லப் போகிறீர்கள். இப்போது விளங்குகிறதா?

ஞானம்


மான்மவுத் ஜங்ஷன்
18 மே 1986

தம்பி,

ஆறு வாரம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்து, கிழித்து, மறுபடி உட்கார்ந்தேன். கடிதம் எழுதுவதில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

எனக்குத் தெரியாது, ஞானம். சத்தியமாகத் தெரியாது. திருநாள் என்றதும் வாணவேடிக்கை, நல்ல நாள் என்று எழுதினேனே, அதை நினைத்தால் கை கூசுகிறது. அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்து அம்மா கையால் புட்டுச் சாப்பிட்டவன். மூன்று வருடம் இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாய். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. என்னைத் திட்டியாவது சொல்லியிருக்கலாம்.

போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். சப்பாத்தைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். நீ பிழைத்தது யாரால் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சிங்கள அம்மாவால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் வாயால் சொன்ன சொல் ஒன்று இருக்கிறது, அதை முடிக்காமல் என்னால் இருக்க முடியாது. இது என் குணம், உனக்குத் தெரியும். தேதியையும் மாற்றவில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையை நினைத்து அந்தக் கோயிலில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும்.

முப்பதாம் தேதி மாட்ரிடுக்கு பிளைட். அங்கிருந்து ரயிலும் பஸ்ஸும். வழியில் உள்ள ஊர்களில் என் பெயரைப் போட்டுத் தபால் நிலைய முகவரிக்கு எழுதினால் வைத்திருந்து கொடுப்பார்களாம். முதலில் புர்கோஸ், கடைசியில் சந்தியாகோ. எழுதுவாயா என்று கேட்கவில்லை, முகவரியைத் தருகிறேன், அவ்வளவுதான்.

அக்கா


பம்ப்ளோனா, ஸ்பெயின்
4 ஜூன் 1986

அன்புத் தம்பி,

நடக்கத் தொடங்கிவிட்டேன்! மூன்று நாளில் நாற்பத்தேழு கிலோமீட்டர். என் வயதும் நாற்பத்தேழு என்று நீ கிண்டல் பண்ணமாட்டாய் என்று நம்புகிறேன்.

முதல் நாள் காலை ரொன்செஸ்வாயெஸ்ஸில் பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மடத்துப் பாதிரியார் பெரிய புத்தகம் ஒன்றில் பெயர், நாடு, நடக்கிற காரணம் எல்லாம் எழுதச் சொன்னார். காரணத்துக்கு என்ன எழுதுவது? "தம்பி" என்று தமிழில் எழுதினேன். எழுத்தைப் பார்த்துவிட்டு, அரபியா என்று கேட்டார். தமிழ் என்றேன். தலையை ஆட்டி, ஒரு சிலுவை போட்டு, கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்து பையின் வாரை இறுக்கிக் கட்டினேன். பிறகு இடது காலை வைத்தேன், அடுத்து வலது கால் தானாக வந்தது.

வழி காட்ட மரங்களிலும் கல்லிலும் மஞ்சள் பெயின்டில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். எந்த அம்பாவது தவறிப்போனால் வயலில் நிற்கிற கிழவர் ஒருவர் எங்கிருந்தோ கையை நீட்டுகிறார். ஏற்றத்துக்குப் பயந்துகொண்டு வந்தேன், ஏற்றம் ஒன்றும் செய்யவில்லை. இறக்கம்தான் முழங்காலைத் தின்கிறது. பாஸ்மதியோடு நடந்தது வீண்போகவில்லை, பை எனக்குப் பாரமாகவே தெரியவில்லை. சோறுதான் இல்லை. காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி. பையில் ஒளித்து வைத்திருக்கிற மிளகாய்த்தூளை ஆம்லெட்டில் போட்டதைப் பார்த்து, கூட நடக்கிற பெல்ஜியத்துத் தபால்காரர் கேட்டு வாங்கிப் போட்டு அழுதார்.

நடக்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. ஒரு முடிவுக்கு வந்தேன். உன் கேள்வி நியாயமான கேள்வி. அதை யாராவது யாகப்பரிடம் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். நான் கேட்கிறேன். இருபத்தைந்தாம் தேதி அவருக்கு முன்னால் நின்று, நீ எழுதிய அதே வார்த்தையில், உன் சார்பில் கேட்டுவிட்டு வருகிறேன். கவலைப்படாதே, நான் கேட்டால் நன்றாகக் கேட்பேன்.

அக்கா


ஹூஸ்டன்
14 ஜூன் 1986

அக்கா,

முதலில் என் கால்களை எடுத்தீர்கள். இப்போது என் வாயையும் எடுக்கிறீர்களா?

அது என் கேள்வி. அரியம் என் சிநேகிதன். தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஒன்பது மணிவரை காத்திருந்தவன் நான். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போய், உங்களுக்கே உரிய அந்தக் குரலில், ஸ்கூல் பிரின்சிபாலிடம் முறைப்பாடு சொல்கிற மாதிரிக் கேட்டுவிட்டு வருவீர்கள். பிறகு எனக்கு என்ன மிச்சம்? தயவுசெய்து கேட்காதீர்கள். என்னிடமிருந்து இனி எதையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இதை வேலை நாளில், காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்து எழுதுகிறேன். எண்ணெய் விலை விழுந்ததில் ஏப்ரல் கடைசியில் எங்கள் கம்பனியில் என் பிரிவையே மூடிவிட்டார்கள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லாமல் வைத்திருந்ததற்கு ஏற்கெனவே ஒரு தரம் கண்ணீர் விட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

முழங்காலுக்கு இரவில் ஐஸ் வையுங்கள். இறக்கத்தில் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்குங்கள்.

ஞானம்


புர்கோஸ்
24 ஜூன் 1986

அன்புத் தம்பி,

உன் கடிதம் தபால் நிலையத்தில் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. வாங்கிக்கொண்டு பெரிய கோயில் முன்னால் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு நடக்கவில்லை. அடுத்த நாளும் நடக்கவில்லை. பெல்ஜியத்துத் தபால்காரர் முழங்கால்தான் காரணம் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

நீ சொன்னது சரி. இதை நான் அடிக்கடி சொல்கிறவள் இல்லை, அதனால் பத்திரமாக வைத்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன். அந்த ஐந்தாம் நாளில் என் கால்களையே நேர்ந்திருக்கலாம். ஏன் உன் காலை நேர்ந்தேன் என்று நீ கேட்டதற்கு நான் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. எனக்கே தெரியாமல் இருந்தது, இந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது. போனுக்குப் பக்கத்தில் கண்ணை மூடினால் நீ செத்துக் கிடக்கிற மாதிரியே வந்தது, ஞானம். ரோட்டில், சாக்கடைக் கானில், எங்கெங்கோ. அதைத் தாங்க முடியாமல் நீ நடக்கிற மாதிரி நினைத்தேன். காவி வேட்டி கட்டிக்கொண்டு, காட்டு வழியாக, வியர்த்துக்கொண்டு நடக்கிறாய். செத்தவன் நடக்க மாட்டான் அல்லவா? அதற்காகத்தான் உன் கால். என் காலை நேர்ந்திருந்தால் உன்னை நான் பார்த்திருக்க முடியாது. முருகனுக்காகச் செய்ததில்லை அது, என் பயத்துக்காகச் செய்தது.

உன்னைக் கேட்காமல் செய்தது பிழைதான். இன்று காலை கோயிலுக்குள் போய், எந்தச் சாமியின் முன்னால் என்று பார்க்காமல் நின்று, சத்தமாகத் தமிழில் சொல்லிவிட்டேன். என் தம்பி யாருக்கும் நடக்க வேண்டியவன் இல்லை, அவன் சார்பில் நான் வைத்த நேர்த்தியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று. இனி நான் நடப்பது என் சொல்லுக்கும் அரியத்துக்கும் மட்டும். உன் கேள்வியையும் நான் தொடமாட்டேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். உன் அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றாள் என்பதை மெர்சிடிஸ்கூட நம்பமாட்டாள்.

வேலை போனதைப் பற்றி ஊருக்கு வந்து கதைப்போம். வளைந்து இறங்குவது உதவுகிறது. நாளை காலை புறப்படுகிறேன்.

அக்கா


ரொன்செஸ்வாயெஸ், ஸ்பெயின்
10 ஜூலை 1986

அக்கா,

முத்திரையைப் பார்த்தே பதறியிருப்பீர்கள். உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் பம்ப்ளோனாவிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்த வாரமே ஹூஸ்டனில் உள்ள ஸ்பானியக் கன்சல் அலுவலகத்தில் விசாவுக்குப் போட்டேன். உங்களை வழியில் மறித்து, கையைப் பிடித்து பிளைட் ஏற்றுவதற்காக. அவ்வளவு கோபம். இலங்கைப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், எதற்குப் போகிறாய் என்று கேட்டார். என் அக்காவை நிறுத்த என்றேன். சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். விசா கிடைத்த இரண்டாம் நாள் உங்கள் புர்கோஸ் கடிதமும் வந்தது.

நான் செத்துக் கிடப்பதை நீங்கள் பார்த்ததும், அதனால் என்னை நடக்க வைத்ததும் எனக்குத் தெரியாது. நான் பூட்டின அறைக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடந்த அதே நேரம், எங்கோ ஒரு காட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறேன் என்பதை நினைத்து இரண்டு நாள் ஒன்றும் செய்ய ஓடவில்லை. இரண்டு வருடமாக உங்களிடம் கோபித்துக்கொண்டு இருந்ததில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னை நேர்த்தியிலிருந்து விடுவித்துவிட்டீர்கள். இனி யாருக்கும் நடக்க வேண்டியவன் இல்லை. அப்படியானால் நடக்கவும் செய்யலாம் என்று தோன்றியது. யாரும் நேராத கால்கள் இவை, எங்கே போக வேண்டும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அக்கா, உங்களை நிறுத்த நான் வரவில்லை.

நேற்று மாலை இங்கே வந்து சேர்ந்தேன். உங்கள் பாதிரியார் அதே புத்தகத்தை நீட்டினார். பின்னோக்கிப் புரட்டி, ஜூன் முதலாம் தேதியில் உங்கள் கையெழுத்தைக் கண்டுபிடித்தேன். இந்த எழுத்து இவருக்குத் தெரியுமா என்பதுபோல் அவர் என்னையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காரணம் என்ற இடத்தில் அரியரட்ணம் என்று எழுதினேன். இன்று காலை ஏழு மணிக்குப் புறப்படுகிறேன். புதுச் சப்பாத்து, பழக்கப்படாத கால், பயிற்சி ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் முடியும்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் நான் வந்து சேர வழியில்லை. ஆகஸ்ட் நடுவில் வருவேன். அதுவும் நல்லதுதான், அவருடைய திருநாளில் அவரைப் பார்க்க எனக்கு மனம் இல்லை. கூட்டமெல்லாம் கலைந்தபின், ஒரு சாதாரண நாளில், அவரும் நானும் மட்டும் இருக்க வேண்டும். எனக்காக நிற்காதீர்கள். முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், மீனாக்ஷி பாவம்.

கேள்வியைத் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அன்றைக்கு முழுக்க வாயை மூடிக்கொண்டு நிற்க உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்ல அனுமதி தருகிறேன். பின்னால் ஒருவன் நடந்து வந்துகொண்டிருக்கிறான், அவன் நன்றி சொல்ல வரவில்லை என்று யாகப்பரிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் தம்பி,
ஞானேஸ்வரன்